மெர்ல் ஹோனன் தேடி வந்த வீடு

கிளேர் கடலோரக் கிராமமான லிஸ்கோர்மாவில் ஹோனன் என்ற குடும்பம் எங்கே இருந்தது என்று மெர்ல் கேட்டபோது, லில்லிஸின் பப்பில் இருந்தவர்கள் அவரவர் குவளையைப் பார்த்தார்கள். லில்லிஸ் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுப்போரம் உட்கார்ந்திருந்த மாலக்கி மரினன் மட்டும் தலையைத் திருப்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊர்லருந்து வர்றீங்க?"

"டூவூம்பா. குயின்ஸ்லாந்துல இருக்கு."

"ஆஸ்திரேலியாவா. அம்மாந்தூரம் தாண்டி இந்த மழைக்கா வந்தீங்க?" என்றார் மாலக்கி. எல்லோரும் சிரித்தார்கள். மெர்லும் சிரித்தாள். நனைந்த கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றபடியே தன் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. டூவூம்பா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, கழுவி, படுக்கை மாற்றும் வேலையிலேயே வாழ்நாள் கழிந்திருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா லியோ ஹோனன் சீக்கிரம் போகவில்லை. கடைசிக் காலத்தில் அவருக்கு இருந்த ஒரே பேச்சு லிஸ்கோர்மா. அவரும் அதைப் பார்த்தவர் இல்லை. அவருடைய தாத்தா பார்ட்லி சின்னப் பையனாக இருந்தபோது, பஞ்சத்தின் முடிவில், நிலத்துக்குச் சொந்தக்காரரான துரையின் ஆட்கள் வந்து வீட்டைப் பிடுங்கினார்கள். பார்ட்லியின் அப்பா எதிரே இருந்த பள்ளத்தில் கிடந்து குளிரிலேயே செத்தார். அம்மா சபைனா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினாள். இவ்வளவுதான் அந்தக் கதை. இதை லியோ நூறு விதமாகச் சொல்வார். கேட்டுக்கேட்டு, அந்த வீட்டின் அடுப்பு எந்தப் பக்கம் இருந்திருக்கும், சபைனா எந்தக் கையால் கதவைத் திறந்திருப்பாள் என்பதெல்லாம் மெர்லுக்கு நேரில் பார்த்தது போலவே ஆகிவிட்டது. அப்பாவை அடக்கம் செய்தபின், வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் சோறு ஊட்ட வேண்டிய அவசியமில்லாமல், விமானம் ஏறிவிட்டாள்.

என்னிஸில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தாயிற்று. அவை ஹோனன்கள் போன பிறகுதான் தொடங்குகின்றன. "இனிமே ஊர்க்காரங்க ஞாபகம்தான் துணைம்மா" என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் சொல்லி முடித்ததும் மாலக்கி எழுந்தார். ஐம்பது வயது, நல்ல உயரம், ஊரில் நிலபுலன் உள்ளவர். வேடிக்கைப் பேச்சுக்குப் பெயர் போனவர்.

"மழை விடட்டும். நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்," என்றார். "எங்கப்பா சொல்லிருக்காரு, ஹோனன் வீடு எதுன்னு."

லில்லிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குவளையைத் துடைக்கத் தொடங்கினார்.

மறுநாள் மாலக்கி அவளைத் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு அழைத்துப் போனார். முள்ளுக்கும் காஞ்சொறிக்கும் நடுவே கூரையில்லாத கல்சுவர் நாலு பக்கமும் இடுப்புயரத்துக்கு நின்றது. ஒரு வாசல். ஓரமாக ஒரு கல்தொட்டி.

"இதுதான்," என்றார் மாலக்கி. தொப்பியைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மெர்ல் மண்டியிட்டாள். வாசல் கல்லைத் தொட்டாள். அப்பா உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகை அடங்கும் வரை மாலக்கி பொறுமையாக நின்றார். அந்த வாரம் முழுக்க அவள் அங்கே போய்க் காஞ்சொறி பிடுங்கினாள். ஒரு மூலையில் மண்ணைக் கிளறியபோது புகையிலை பிடிக்கும் பழைய களிமண் புகைக்குழாய் ஒன்று முழுசாகக் கிடைத்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு பப்புக்கு ஓடினாள்.

"சபைனாவோட புருஷன் பிடிச்சதா இருக்கும்," என்றார் மாலக்கி. பப்பே ஆமாம் என்றது.

டூவூம்பாவுக்குத் திரும்பிப் போனவள் அடுத்த வசந்தத்தில் மறுபடி வந்து இறங்கினாள். இந்த முறை இரண்டு பெரிய பெட்டிகளோடு. அந்த மேட்டுத் துண்டை மாலக்கியிடம் விலைக்கு வாங்கினாள். கூரை போட்டாள், தரை போட்டாள், ஜன்னல் வைத்தாள், மேட்டடியில் இருந்த கிணற்றைத் தூர் வாரினாள். வாசலில் 'ஹோனன்' என்று பலகை மாட்டினாள். ஊரில் பலரும் வந்து உதவினார்கள். இத்தனை அன்பான ஊர் உலகத்தில் உண்டா என்று டூவூம்பாவில் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் எழுதினாள்.

ஊர் வழக்கப்படி ஆண்டுக்கொரு முறை யாராவது ஒருவர் வீட்டில் பூசை நடக்கும். இரண்டாம் ஆண்டே மெர்ல் தன் வீட்டில் வைக்கக் கேட்டாள். புதிதாக வந்திருந்த இளம் சாமியார் ஒப்புக்கொண்டார். லிஸ்கோர்மாவே திரண்டு வந்தது, நிற்க இடமில்லை. குடி எழுப்பப்பட்டுப் போன ஹோனன்களின் ஆன்மா இளைப்பாற சாமியார் மன்றாடியபோது, முழந்தாளில் இருந்த சிலருடைய தோள்கள் குலுங்கின. ஒருத்தி கைக்குட்டையை வாயில் அமுக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மெர்ல் பின்னாலேயே போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழுங்க, பரவால்ல. நானும் இப்படித்தான் அழுதேன்," என்றாள்.

மாலக்கியின் மனைவி பிலோமினாதான் அவளுக்கு நெருக்கம். ஞாயிறுதோறும் பூசை முடிந்து மரினன்கள் வீட்டில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் சாப்பாடு. பழைய, தடித்த சுவர் கொண்ட சமையலறை. ஆளே உள்ளே நிற்கும் அளவுக்கு அகலமான அடுப்பு. அதில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிகட்டிகள் எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். இரண்டு பெண்களும் அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பொழுது சாயும் வரை பேசுவார்கள். மரினன்களின் ஒரே மகன் ஃபின்டனுக்கு இருபத்திரண்டு வயதாகியும் வேலை இல்லை. அந்தக் காலத்தில் கிளேரில் யாருக்குத்தான் வேலை இருந்தது? மெர்ல்தான் அவனை டூவூம்பாவுக்கு அனுப்பினாள். வீடு கட்டும் தொழிலில் இருந்த தன் அண்ணன் மகன் கெல்வினிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். பூட்டிக் கிடந்த அப்பா வீட்டில் வாடகை இல்லாமல் தங்க வைத்தாள்.

"இந்தக் கடன எப்படித் தீக்கப் போறோம்?" என்றாள் பிலோமினா.

"நமக்குள்ள என்ன கடன்," என்றாள் மெர்ல்.

இப்படி ஆறேழு வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு வசந்தத்தில், மாலக்கி தன் வயலில் அடித்த சாணிக் கரைசல் சரிவில் இறங்கி மெர்லின் கிணற்றில் கலந்துவிட்டது. தண்ணீர் நாறியது. வயிற்றுப்போக்கில் ஒரு வாரம் கிடந்தாள். எழுந்ததும் போய் மாலக்கியிடம் சொன்னாள். பார்க்கலாம் என்றார். மறுபடி சொன்னாள், மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார். மூன்றாவது முறை அவர் வண்டியை நிறுத்தவே இல்லை. மெர்ல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாது. சுகாதார அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை சொன்னாள். அதிகாரி வந்து மாலக்கியின் தொழுவத்தைச் சுற்றிப் பார்த்து, ஊரார் முன்னிலையில் அவரை எச்சரித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மெர்ல் வழக்கம்போல பிலோமினாவின் பக்கம் போனாள். மாலக்கி குறுக்கே வந்து நின்றார்.

"எங்க போற?"

"சாப்பாட்டுக்கு. வழக்கமா வர்றதுதான?"

"எங்க நெலத்துல நான் என்ன ஊத்தணும்னு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா பாரு," என்றார் மாலக்கி. அவளிடம் இல்லை, கூட்டத்திடம். "எங்கப்பா பன்னி வளத்த கொட்டிலுக்குள்ள படுத்துக்கிட்டு."

மெர்லுக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"பன்னிக் கொட்டில்னு சொன்னேன். காது கேக்கலயா? அதுல ஹோனனும் இருந்ததில்ல, வேற எவனும் இருந்ததில்ல. ரெண்டு தாய்ப் பன்னி இருந்துச்சு. அந்தக் கல்தொட்டி பின்ன எதுக்குன்னு நெனச்ச? சபைனா குளிக்கவா?"

பின்னாலிருந்து யாரோ, "அந்தப் பன்னிங்க யாரு மேலயும் புகார் குடுக்கல," என்றார்கள். சிரிப்பு எழுந்தது. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. ஒருவர் தொடங்க மற்றவர்களால் நிறுத்த முடியவில்லை. மெர்ல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கூரை போட வந்தவர், தரைக்கு மணல் கொடுத்தவர், பூசையன்று வெளியே ஓடியவள். சிரிக்காதவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆச்சரியப்பட்டவர் என்று ஒருவரும் இல்லை.

லில்லிஸ் மட்டும் அவள் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

"வெளையாட்டா ஆரம்பிச்சதும்மா. ரெண்டு நாள் அழுதுட்டு ஊருக்குப் போயிருவீங்கன்னு நெனச்சோம். திரும்பி வந்து கூரை போடுவீங்கன்னு யாரு கண்டா? அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்ப எங்க வீடு எது?"

லில்லிஸ் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்.

மெர்ல் திங்கட்கிழமை காலை, மாலக்கி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மரினன் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். பிலோமினா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் மெர்ல்.

"தெரியும்."

"எங்க வீடு எது, பிலோமினா?"

பிலோமினா மாவைத் திருப்பிப் போட்டாள். "இத்தன வருசமா இதுக்குள்ள உக்காந்துதான டீ குடிச்சிட்டுப் போற."

மெர்ல் அடுப்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். உட்காரப் போனவள் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பிலோமினா சுமையை இறக்கி வைப்பவள் போலச் சொல்லி முடித்தாள். ஹோனன்களைக் குடி எழுப்பியதும் அந்த நிலத்தையும் வீட்டையும் துரையிடம் கேட்டு வாங்கியவர் மாலக்கியின் கொள்ளுத்தாத்தா. அடுத்தவனைக் குடி எழுப்பின நிலத்தைப் பிடித்தவன் என்றால் இந்தப் பக்கத்தில் பரம்பரைக்கே அழியாத அசிங்கம். எதிர்ப் பள்ளத்தில் கிடந்த புருஷனுக்காகச் சபைனா வந்து ஒரு தணல் கேட்டபோது, அந்த ஆள் கதவைத் திறக்கவில்லை. இந்தக் கதை மரினன்களுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மெர்ல் வந்து ஹோனன் என்று சொன்னதும் மாலக்கி பயந்துபோனார். நிலத்தைக் கேட்டு வழக்குப் போட வந்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் கொட்டிலைக் காட்டினார்.

"நான் ஒரு கல்லக்கூடக் கேட்டிருக்க மாட்டேனே."

"அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"நீ எனக்கு ஏன் சொல்லல? எத்தன ஞாயித்துக்கிழமை."

"சொன்னா போயிருப்ப," என்றாள் பிலோமினா. "அப்புறம் நான் யாருகூடப் பேசுறது? இந்த வீட்ல அந்த மனுசன் பேசுவாருன்னா நெனக்கிற?"

அன்று மாலை, டூவூம்பாவில் விடிந்திருக்கும் நேரத்துக்கு, லில்லிஸின் பப்பிலிருந்து மெர்ல் ஃபின்டனுக்குப் போன் செய்தாள். அவனாவது வெட்கப்படுவான், அப்பாவை நாலு வார்த்தை கேட்பான் என்று இருந்தது. நடந்ததையெல்லாம் அவள் சொல்லி முடித்தாள்.

"ஃபின்டன், இருக்கியா?"

"இருக்கேன் ஆன்ட்டி. எனக்குத் தெரியும். அந்தப் புகைக்குழாய நான்தான் பொதைச்சேன். அப்பா சொன்னாரு. பரண்ல கெடந்தது. அப்ப சிரிப்பா இருந்துச்சு."

மெர்ல் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு, வார்டில் வருகையாளர்களை வெளியே அனுப்பும் குரலில், "சனிக்கிழமைக்குள்ள எங்கப்பா வீட்டக் காலி பண்ணிரு. சாவிய கெல்வின்கிட்ட குடு. அவன்கிட்ட உனக்கு வேலையும் இல்ல," என்றாள்.

"ஆன்ட்டி, நான் எங்க போவேன்?"

"பள்ளம் ஏதாச்சும் இருக்கும். தேடிப் பாரு."

அவன் ஆஸ்திரேலியாவின் மேற்கே சுரங்க வேலைக்குப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டாள். வீட்டுக்குப் போன் செய்வதைக் குறைத்து, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் என்றாக்கிவிட்டான்.

கெல்வின் அவளைத் திரும்பி வரச் சொன்னான். அவள் போகவில்லை. ஹோனன் வீட்டில் குடியிருக்கிறேன் என்று அங்கே அத்தனை பேருக்கும் பெருமையாகச் சொல்லியாயிற்று. பன்றிக் கொட்டிலில் குடியிருந்தேன் என்று சொல்லிக்கொண்டு எந்த முகத்தோடு போய் இறங்குவது? பலகையைக் கழற்றி அடுப்பில் போட்டாள். புகைக்குழாயைக் கல்லில் வைத்து நசுக்கினாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். ரொட்டியும் மாவும் லில்லிஸின் வண்டியில் வரும். வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் மரினன் வீட்டு முற்றம் நேர் கீழே தெரியும். ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தபடிதான் அவள் துணி காயப்போட்டாள்.

அப்படித்தான் ஒரு நாள் காலை மாலக்கி விழுவதையும் பார்த்தாள். வயலுக்கு நடுவே தனியாக வேலி சரிசெய்துகொண்டிருந்தவர், சுத்தியலைக் கீழே போட்டார், இரண்டடி பக்கவாட்டில் நடந்தார், சரிந்தார். ஒரு கை மட்டும் புல்லைப் பிராண்டியது. எந்த நோய் என்று மெர்லுக்குப் பார்த்ததுமே தெரியும். எவ்வளவு சீக்கிரம் தூக்கினால் எவ்வளவு தேறும் என்பதும் தெரியும். கூடையில் இன்னும் பாதித் துணி இருந்தது. ஒவ்வொன்றாக உதறினாள். போர்வையை இழுத்துச் சுருக்கமெடுத்துக் கொடியில் கிளிப் மாட்டினாள். காலுறைகளை ஜோடி சேர்த்து மாட்டினாள். கூடை காலியானதும் உள்ளே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இறங்கிப் போய் பிலோமினாவின் கதவைத் தட்டினாள்.

"ஒம் புருஷன் வயல்ல கெடக்காரு," என்றாள்.

மாலக்கி பிழைத்தார். வலப்பக்கம் முழுக்கச் செத்துப் போயிருந்தது, பேச்சும் போய்விட்டது. கேட்பதற்கும் புரிவதற்கும் குறைவில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் பிலோமினாவுக்கு இடுப்பு விட்டுப் போயிற்று. ஒரு நாள் மூச்சு வாங்க மேடேறி வந்தாள். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அதுதான் முதல்முறை.

"அவரத் தூக்கணும். என்னால முடியல. உனக்குத்தான் அந்த வேல தெரியும்."

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. மெர்லும் எதிர்பார்க்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அன்று தொடங்கி தினமும் காலையும் மாலையும் போனாள். பழகிய கைகள், ஒரே அசைவில் அவரைப் புரட்டுவாள், துடைப்பாள், நாற்காலியில் உட்கார வைப்பாள். அவள் பார்த்த வரையில் அவருக்கு ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. வேலை முடிந்ததும் அவர் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, தானும் எதிரே ஒன்றைப் போட்டுக்கொள்வாள். பிறகு பேச ஆரம்பிப்பாள்.

"இந்த வாசப்படிதான மாலக்கி? இங்கருந்துதான் சபைனாவ இழுத்து வெளிய போட்டாங்க. கையில பார்ட்லி. அவனுக்கு அஞ்சு வயசு. அந்தா தெரியுது பாருங்க பள்ளம், அதுலதான் அவ புருஷன் படுத்துக் கெடந்தாரு. மூணு நாளு. நாலாவது நாள் அவ வந்து இந்தக் கதவத் தட்டுறா. உள்ள யாரு இருக்கா? சொல்லுங்க. யாரு உள்ள இருக்கா?"

மாலக்கியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். இடக்கண்ணில் தண்ணீர் வழியும். மெர்ல் அதை நல்ல துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. குரலை ஒருநாளும் உயர்த்தியதில்லை. பிலோமினா பாத்திரம் கழுவிக்கொண்டே வானொலியின் சத்தத்தைக் கூட்டுவாள்.

முற்றத்தில் மெர்லின் செருப்புச் சத்தம் கேட்டாலே மாலக்கி இடக்கையால் மனைவியின் உடுப்பைப் பற்றிக்கொள்வார். பிலோமினா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுப்பாள்.

"அவ வரலன்னா நீங்க ஈரத்துலதான் கெடக்கணும்," என்பாள். "எனக்கு இடுப்பு இல்ல."

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. மூன்றாவது தொடங்கும் முன் மாலக்கி இறந்தார். கடைசியாக அவரைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டவள் மெர்ல்தான். அடக்கம் முடிந்து வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு பாத்திரங்களை ஒதுங்க வைக்கத் தொடங்கினாள். பிலோமினா அவள் கையிலிருந்து தட்டை வாங்கினாள்.

"இனிமே நீ வர வேண்டியதில்ல," என்றாள்.

மெர்ல் அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஃபின்டன் அடக்கத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தான். நிலத்தை மரம் வளர்க்கும் கம்பெனி ஒன்றுக்கு விற்றான். அம்மாவை என்னிஸில் அவள் தங்கையிடம் கொண்டு போய் விட்டான். ஊரை விட்டுப் போகும்போது மேட்டுக்குக் கீழே காரை ஒரு கணம் நிறுத்தினான். மெர்ல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவன் இறங்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை. கம்பெனிக்காரர்கள் வயல் முழுக்க ஊசியிலைக் கன்று நட்டார்கள். மரினன் வீடு அவர்களுக்கு உபயோகமில்லை என்பதால், கூரைப் பலகையை உருவி எடுத்துக்கொண்டு சுவரை இயந்திரத்தால் தள்ளினார்கள். கல்லைச் சாலை போட எடுத்துப் போனார்கள். மெர்ல் பகலெல்லாம் நின்று பார்த்தாள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு என்ன உரிமை இருந்தது?

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் உயிரோடு இருந்தாள். ரொட்டி கொண்டு வந்த லில்லிஸின் மருமகன், முந்தின வாரத்து ரொட்டி வாசலிலேயே இருப்பதைக் கண்டு கதவைத் தள்ளினான்.

கெல்வின் போனில், அங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள், அவளுக்கு அதுதான் பிடிக்கும் என்றான். கல்லறைத் தோட்டத்தில் ஹோனன்களுக்கென்று இடம் எதுவும் இல்லை. மரினன்களின் இடத்தில் ஒரு குழிக்கு இடமிருந்தது. லில்லிஸ் என்னிஸுக்குப் போன் செய்து பிலோமினாவைக் கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் பிலோமினா. "அவர் பக்கத்துலயா? வேண்டவே வேண்டாம்."

"அடக்கத்துக்காவது வர்றீங்களா?"

"மழையா இருக்கே," என்றாள்.

கடலில் மிதந்து கரை ஒதுங்கிய, பேர் தெரியாத மாலுமிகளைப் புதைக்கும் வடக்கு மதிலோரத்தில் குழி தோண்டினார்கள். அங்கே பாறை அதிகம். வேண்டிய ஆழத்துக்குப் போக முடியவில்லை. போதும் என்று விட்டுவிட்டார்கள்.